பாலத்தைப் பிடித்த நீலப்படை

இந்தக் குறிப்பு உங்களுக்குத்தான். சாப்பாட்டு மேசையில் உங்கள் சிப்பாய்ப் பொம்மைகள் நிற்பதால் சமைத்த எல்லாவற்றையும் அடுப்பு மேடையிலேயே மூடி வைத்திருக்கிறேன். நாலு மணிக்கு ஜன்னல் கொக்கி மாட்டத் தச்சர் வருவார். அவர் பையைப் போர்க்களத்தில் வைத்துவிடப் போகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.

"நீங்க ஜெயிக்கிற மாதிரி விதிய எழுதிட்டு அப்புறம் என்ன விளையாட்டு?" என்று நேற்று நான் கேட்டிருக்கக் கூடாது. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய சண்டையைப் பொம்மைகளால் ஆடப் புது விதி எழுதி, சரிவருகிறதா என்று இரண்டு படையையும் நீங்களே நகர்த்திப் பார்க்கிறீர்கள். முன்பெல்லாம் சிவப்பு உங்களுடையது, நீலப்படை என்னுடையது. அந்த எரிச்சல்தான்.

காலையில் ஊசி தேடும்போது பழைய பட்டன் டப்பா கிடைத்தது. கல்யாணமான புதிதில் அந்தச் சட்டை பட்டன்கள்தானே நம் சிப்பாய்கள்? ஆட்டத்துக்கு முன்பே உத்தரவை எழுதிப் படைக்கு அடியில் மடித்து வைக்க வேண்டும், பிறகு மாற்றக் கூடாது என்பது அப்போதே உங்கள் விதி. டப்பாவின் அடியில் உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு: "சிவப்புக் குதிரைப்படை: அவள் பாலத்துக்கு வந்தால் வழிவிட்டுப் பின்வாங்கு."

அந்தப் பாலத்தை நான் பிடித்த கதையை நம் மருமகன் வரைக்கும் சொல்லியாகிவிட்டது. ஒருநாளாவது வாயைத் திறந்தீர்களா?

ஆறு மணிக்கு வந்துவிடுவேன். குளித்தால் வெந்நீர் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

பி.கு: நீலப்படைக்கு அடியில் என் உத்தரவு இருக்கிறது. நான் வரும்வரை பிரிக்காதீர்கள். சிவப்புக்கு நீங்களும் எழுதி வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் இந்தத் தடவை உங்கள் சீட்டை வாங்கிப் படிப்பேன்.