டெலவெயர்க்காரரின் வெறும் தாள்

என் அருமை அண்ணாவுக்கு,

நீங்கள் போய் இந்த மாசியோடு ஒரு வருடம். நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். உங்கள் நற்குணங்களை அடுக்கி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு உங்களோடு சண்டை பிடிக்க இருக்கிறது. எல்லாரும் படிக்கட்டும்.

முதலில் செய்திகள். நான் இப்போது கிளேட்டனில், சங்கக் குழுவில் இருக்கிற செல்வமலர் அன்ரி வீட்டின் பின்னறையில் இருக்கிறேன். உங்கள் செத்த வீட்டுக்கு வந்தவர், "இந்தப் பிள்ளையைத் தனிய விடேலாது" என்று சொல்லி, என் உடுப்புப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கும் அதே வேலைதான் எனக்கு. விடியற்காலையில் அந்தப் பக்கம் பஸ் இல்லை என்பதால், அதே குழுவிலுள்ள கந்தசாமி அங்கிள் தன் காரில் ஏற்றிக்கொண்டு போகிறார். இருக்க இடம் ஒருவர் தந்தார், போக வழி மற்றவர் தந்தார்.

இனி உங்களுக்குத் தெரியாதது. போன வருடம், எழுபத்தேழு ஆவணியில், ஊரில் தமிழருக்கு எதிரான கலவரம். கொழும்பில் நம் வீட்டுக் கதவை உடைத்தார்கள். அம்மா பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் குளியலறையில் ஒளிந்திருந்து, பிறகு கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். கட்டியிருந்த சேலையைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. இதைக் கேட்காமல் நீங்கள் போனது நல்லதோ? எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன்.

அதோடு சங்கமும் இரண்டுபட்டது. சங்கத்தின் பெயரில் கன்பராவிலுள்ள இந்த நாட்டு அரசாங்கத்துக்குக் கண்டன மனு அனுப்ப வேண்டும், அதைப் பத்திரிகையிலும் போட வேண்டும் என்று கந்தசாமி அங்கிள் நிற்கிறார். பொங்கல் விழாவும் பிள்ளைகளின் தமிழ் வகுப்பும் போதும் என்பது செல்வமலர் அன்ரியின் பக்கம். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் குசினியில் இடியப்ப உரலைக் கையில் பிடித்தபடியே அழுதார்.

"என்ர மூத்தவன் கொழும்பில கவர்மெண்ட் உத்தியோகம் பிள்ளை. நாங்கள் இஞ்ச இருந்து சத்தம் போட்டால் அங்க ஆரைப் பிடிப்பாங்கள்?"

அடுத்த நாள் காரில் அங்கிள் கேட்டார்: "உம்மட அம்மா குளியலறைக்குள்ள ஒளிச்சிருந்தவ. நாங்கள் இஞ்ச பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருக்கிறதோ?"

இரண்டு இடத்திலும் ஓம், ஓம் என்று தலையாட்டினேன்.

குழுவில் உங்கள் இடத்துக்கு என்னைப் போட்டார்கள். "அண்ணன்ர கதிரை வெறுமையா இருக்கக் கூடாது" என்றார்கள். என்ன மரியாதை என்று பூரித்துப்போனேன். பிறகுதான் விளங்கியது, அந்தக் கதிரையின் இரண்டு பக்கமும் ஆட்கள் சரிசமம். மனு போகுமா போகாதா என்பதை என் வாக்குத் தாள்தான் தீர்க்க வேண்டும். "உங்கட அண்ணா இருந்தால் எங்கட பக்கம்தான்" என்று இரு பக்கத்தாரும் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். நீங்கள் எந்தப் பக்கம் அண்ணா? உயிரோடு இருந்தபோது அமெரிக்காவைத் தவிர வேறு எந்த நாட்டு அரசியலையாவது வாய் திறந்து பேசினீர்களா?

பேசியதெல்லாம் அந்த டெலவெயர்க்காரரைப் பற்றித்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பல்கலைக்கழகத்தில் அண்ணாவின் ஆராய்ச்சி, பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்த காலத்து அமெரிக்கக் கட்சிச் சண்டை. ஜனாதிபதித் தேர்தலில் ஒரே கட்சியின் இருவருக்குச் சமமாக வாக்கு விழுந்துவிட்டது. யார் என்று தீர்ப்பது நாடாளுமன்றச் சபையின் கைக்கு வந்தது. மாநிலத்துக்கு ஒரு வாக்கு. தோற்ற கட்சிக்காரர் கை கொடுத்தால்தான் முடிவு வரும், அவர்களோ அசையவில்லை. வாக்கெடுப்புக்கு மேல் வாக்கெடுப்பு. காய்ச்சலில் கிடந்த ஒருவரைப் பனிக்குள் தூக்கி வந்து, பக்கத்து அறையில் படுக்கவைத்து வாக்குப் போட வைத்தார்கள். டெலவெயர் சின்ன மாநிலம். அதற்கு ஒரே உறுப்பினர், அவரும் தோற்ற கட்சிக்காரர். கடைசியில் அவர் யார் பெயரையும் எழுதாமல் வெறும் தாளைப் போட்டார். அவர் கட்சியில் வேறு சிலரும் ஒதுங்கிக்கொள்ள, இருவரில் ஒருவருக்குப் பெரும்பான்மை கிடைத்து முடிச்சு அவிழ்ந்தது.

"எதிரிக்கு வாக்குப் போடவும் இல்லை, நாட்டைத் தெருவில விடவும் இல்லை. என்ன மனிசன்!" என்று சாப்பாட்டுக்கு முன்னால் இருந்து உருகுவீர்கள். "வெறும் தாள் போட ஒரு மனிசன் வேணுமோ?" என்று நான் கேட்பேன். உங்களுக்குக் கோபம் வரும், சோறு ஆறிப்போகும்.

அந்தக் கோபத்தை நம்பித்தான் போன மாதக் கூட்டத்தில் நானும் வெறும் தாளை மடித்துப் போட்டேன். பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். இரு பக்கமும் சமம், நடுவில் ஒரு வெள்ளைத் தாள். யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் ஒதுங்கியதும் அங்கே ஒரு பக்கம் கூடியது. நான் ஒதுங்கியதும் இங்கே எல்லாம் இருந்த இடத்திலேயே நின்றது. அதைக்கூட யோசிக்காமல் போட்ட மடைச்சி நான். கூட்டத்தை மாசிக் கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள்.

யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் மூச்சு விட்டிருப்பேன். அன்ரி என் தட்டில் இடியப்பம் கூட வைக்கிறார். அங்கிள் முன்பைவிட வேளைக்கே வந்து, ஹோர்ன் அடிக்காமல் காத்திருக்கிறார். "யோசிச்சுச் செய் பிள்ளை" என்கிறார் அன்ரி. "யோசிச்சுச் செய்யும்" என்கிறார் அங்கிள். காலையில் அன்ரி வீட்டிலிருந்து அங்கிளின் காருக்குள், பின்னேரம் அங்கிளின் காரிலிருந்து அன்ரி வீட்டுக்குள். இவ்வளவு பெரிய நாட்டில் எனக்கு வேறு பாதை இல்லை.

இதை எழுத உட்கார்ந்தபோதுதான் நீங்கள் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அந்த மனிதரின் கட்சி ஒருபோதும் ஜனாதிபதிப் பதவியைப் பிடிக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தே போனது என்றீர்கள். அவர் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் வெறும் தாளைப் போட்டார். நான் போட்டது அறையும் வேண்டும், காரும் வேண்டும் என்று. இதை ஏன் அண்ணா எனக்கு அழுத்திச் சொல்லவில்லை? இதுதான் என் சண்டை.

கூட்டத்துக்கு முன்பே இந்த மலர் வீடுகளுக்குப் போய்விடும். ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனு போக வேண்டும். அதுதான் என் வாக்கு.

அன்ரி, உங்கள் மகனை நினைத்து ஒன்று செய்கிறேன். மனுவில் சங்கத்தின் பெயர் வேண்டாம், குழுவின் பெயர்களும் வேண்டாம் என்று கேட்கப் போகிறேன். கீழே என் பெயரை மட்டும் போடட்டும், கதவு உடைபட்ட வீட்டுக்காரியின் மகள் என்று. அறையை விடச் சொன்னால் விடுகிறேன். உங்கள் குசினிக்கு வருவதை மட்டும் நிற்பாட்ட மாட்டேன்.

அங்கிள், நாளையிலிருந்து எனக்காகக் காத்திருக்க வேண்டாம். காருக்காகப் போட்ட வாக்கு என்று ஒருவரும் சொல்லக் கூடாது. பழைய சைக்கிள் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

அண்ணா, இனி உங்களை எந்தப் பக்கமும் இழுக்க விடமாட்டேன். மாசிக் கடைசியில் உங்கள் கதிரையில் இருந்து, என் தாளை மடிக்காமல் மேசையில் வைப்பேன்.

சோறு ஆற ஆற உங்களோடு சண்டை பிடித்த
உங்கள் தங்கச்சி,
பவானி