கிரீம் பூசிய கை

மார்கழி, செவ்வாய்க்கிழமை

காலையில் கைக்குக் கிரீம் பூசிக்கொண்டு வேலைக்குப் போனதுதான் தப்பு. பனிக்கு என் விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. மருந்துக்கடைக்காரர், “தினமும் பூசோணுங்க, உட்டா இன்னும் ஆழமா வெடிச்சிருமுங்க” என்றார். பூசினேன். பனியன் கம்பெனியில் சோப்புப் போட்டுக் கழுவியும் பிசுபிசுப்பு போகவில்லை போலிருக்கிறது.

மத்தியானம் சூப்பர்வைசர் ஒரு வெள்ளைக் குழந்தைச் சட்டையை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். நெஞ்சுப் பக்கம் எண்ணெய் விரல் தடம். நான் செக்கிங் பார்த்த பீஸ்.

“யாருங்க கைல எதையோ பூசிட்டு வந்தது?”

மற்றவர்கள் வாய் திறக்கும் முன்னே “நானில்லீங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைத் தாண்டிப் போய், பக்கத்து டேபிள் மேரியைக் கை நீட்டச் சொல்லி முகர்ந்து பார்த்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த பெண். அவள் கையில் ஒன்றுமில்லை. நாளை முதல் சூப்பர்வைசர் வாசலிலேயே எல்லார் கையையும் பார்ப்பாராம்.

வெளியே வரும்போது மேரி மெதுவாக, “எக்கா, அந்த வாசம் ஒங்க கையிலதான் வருது. நான் சொல்லல” என்றாள். நாளைக்கும் சொல்லாமல் இருப்பாளா?

கிரீம் டப்பாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து வைத்திருக்கிறேன். இப்போது பூசினால் காலைக்குள் வாசம் போய்விடுமா? பூசாமலே படுத்துவிடலாம். ஆனால் பேனாவை அழுத்திப் பிடித்ததில் கட்டைவிரல் வெடிப்பு திறந்து ரத்தம் கசிகிறது.

நாளைக்கும் வெள்ளைத் துணிதான்.