பாட்டில் சாஸும் ஒரு ‘பரவாயில்ல’யும்

டீச்சரம்மா,

டூட்டிக்கு நேரமாச்சு, டிப்போவுல பஸ் எடுக்கக் கிளம்பிட்டேன். அடுப்பு மேல மூடி வெச்சிருக்கிறது பாஸ்தா சாஸ். அதே கடை பாட்டில்தான். நேத்து நீ பண்ண மாதிரியே தேத்தியிருக்கேன். வெங்காயம், பூண்டு வதக்கி, சாஸை ஊத்தி, பாஸ்தா வெந்த தண்ணியில பாட்டிலை அலசி அதையும் சேத்து, சின்னத் தீயில இருபது நிமிஷம். புளிப்பு அடங்க ஒரு சிட்டிகை சர்க்கரை, கடைசியா வெண்ணெய். முதல் தடவை பூண்டு கருகிடுச்சு, அதான் ஜன்னல் திறந்திருக்கு.

கிளறும்போதுதான் உறைச்சது, ஒரு பாட்டில் சாஸுக்கே நேத்து நீ எவ்வளவு மெனக்கெட்டிருக்கேன்னு. நீ ஆசையா “எப்படி இருக்கு?”ன்னு கேட்டே. நான் தட்டுலேருந்து தலையைத் தூக்காம “பரவாயில்ல”ன்னேன். எங்க அம்மா வீட்டுல அது பெரிய பாராட்டும்மா. உங்க அம்மா வீட்டுல, சொதப்பினவங்களை மன்னிச்சு விடறப்ப சொல்றதுன்னு உன் முகம் மாறினப்புறம்தான் தெரிஞ்சுது.

சூடு பண்ணிச் சாப்பிடு. பின்வாசல் சாவி ஃப்ரிட்ஜ் மேல.

பி.கு.: நேத்து சாப்பாடு பிரமாதம். நேர்ல சொல்ல வாய் வரல.

இன்னொண்ணு, இடமில்லாம ஓரத்துல எழுதறேன்: பதட்டத்துல உப்பை ரெண்டு தடவை போட்டுட்டேன். பாராட்டெல்லாம் வேணாம். வந்ததும் ஒரே ஒரு “பரவாயில்ல” சொல்லு. உங்க வீட்டு அர்த்தத்துல.