மறுபடி பார்த்த ஸ்லைடு

ஐப்பசி 14, வெள்ளி

ஒடிசாவில் போர்வெல் வேலைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பிய வன்னியம்பட்டி முருகேசனின் ரத்தத்தில் மலேரியா இல்லை என்று காலையில் நான்தான் ஸ்லைடை அவசரமாகப் பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுதினேன். பிறகு ஹீமோகுளோபின் ஏழுதான் என்று வந்தது. கண்ணும் மஞ்சளாக இருந்தது. இரண்டும் சேர்ந்தால் சிவப்பணுக்கள் உடைகின்றன என்று பொருள்; எதனால் என்ற கேள்வி என்னைச் சாப்பிடவிடவில்லை. ஸ்லைடை மறுபடி மைக்ராஸ்கோப்பில் வைத்துத் தேடினேன். அரை மணி நேரம் கழித்து, ஒரு சிவப்பணுவுக்குள் மோதிரம் போல அந்தக் கிருமி தெரிந்தது.

டாக்டருக்குப் போன் செய்தேன். "சார், நான் தந்த ரிப்போர்ட் தப்பு. மலேரியாதான்."

"நல்லவேளை சொன்னம்மா. காமாலைன்னு நெனச்சு மருந்து எழுதப் போனேன்."

உடனே மலேரியா மாத்திரை கொடுத்தார்கள். முருகேசனின் மனைவியிடமும் நானே போய்ச் சொன்னேன். "தப்ப நீங்களே வந்து சொல்லுதீங்களேக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதினொரு வருட வேலையில் இன்றுதான் என்னை நினைத்து எனக்கே பெருமையாக இருக்கிறது. காலையில் ஏன் அவசரப்பட்டேன் என்பதை எழுத மட்டும் கை வரவில்லை.