ரத்தத்தில் இன்னும் இருப்பது

அன்பு மகள் மதிவதனிக்கு, அம்மா கண்ணாத்தாள் சொல்லச் சொல்ல உன் தங்கை செம்மொழி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தங்கையும் சுகம். உன் முகத்து நோவு முழுதாய் நீங்கி, அந்த ஜெர்மனியில் நீ பழையபடி வேலைக்குப் போய்வர மாரியம்மாள் துணையிருக்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வந்து சம்பா நடவு முடிந்தது, களை எடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. சிவலை மாடு கன்று போட்டிருக்கிறது. பார்சலில் வடகமும் பருப்புப் பொடியும் வைத்திருக்கிறேன். இனி அந்த ஊர்ப் புல்லில் உட்காராதே, நம் மாட்டு உண்ணியைப் பிய்த்துப் போடுவது போல் உன்னைக் கடித்த அந்தப் புல் உண்ணியையும் பிய்த்துப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தாயே, அதனால்தானே முகம் ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டது. இன்னொன்று, திருவாரூரில் மாப்பிள்ளை பரிதி வீட்டிலிருந்து மூன்று வாரமாய்ப் பேச்சே இல்லை. தையில் கல்யாணம் என்றவர்கள் இப்போது போனைக்கூட எடுப்பதில்லை. எந்தப் பாவி என்னத்தைச் சொல்லி வைத்தாளோ. நீ மனம் தளராதே.

இதுவரை அம்மா சொன்னது அக்கா. அம்மா கன்றை அவிழ்த்துவிடக் கொல்லைக்குப் போயிருக்கிறார். அந்தப் பாவி நான்தான். போனில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் இதிலேயே எழுதுகிறேன். ரெத்தினம் அத்தை மகள் வளைகாப்புக்கு மாப்பிள்ளையின் அம்மா மங்களாம்பிகை அத்தையும் வந்திருந்தார். பந்தியில் எல்லாருக்கும் நடுவில் என்னைக் கூப்பிட்டு, “ஏம்மா, அக்காவுக்கு மறுபடி ரத்தம் பாத்தாங்களாமே, என்ன வந்துச்சு?” என்றார். நான் குனிந்து அடுத்த டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன். பக்கத்து இலைக்காரி, “வாயத் தொறந்தா காசு கேப்பாங்களா, சொல்லேன்டி” என்று சிரித்தாள். “இன்னும் இருக்காம்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் செம்போடு ஓடிவிட்டேன். ஆன்டிபாடி இன்னும் இருக்கிறது என்று நீ போனில் பேசி அனுப்பியதில் அந்த ஒரு சொல்தான் என் மண்டையில் நின்றது. யானைக்கால் பரிசோதனைக்கு வந்து விரலில் குத்திப் பார்ப்பார்களே, அப்பாவுக்கு இருக்கிறது என்றதும் மாத்திரை கொடுத்தார்களே, ரத்தத்தில் இருக்கிறது என்றால் நோய் இருக்கிறது என்றுதான் எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ விளக்கியபோதுதான் என் தப்பு தெரிந்தது. உன் முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்ததையும், ரத்தத்துக்கு ஒப்பிட்டால் அந்த நீரில் ஆன்டிபாடி கூடுதலாய் இருந்ததால்தான் நோய் நரம்பு வரை போனது தெரிந்தது என்பதையும் சொன்னாய். அது கிருமி இல்லை, கிருமியை எதிர்க்க உடம்பே செய்துகொள்வது, மருந்தில் கிருமி செத்த பிறகும் வருஷக்கணக்கில் ரத்தத்தில் கிடக்கும் என்றாய். “ஒனக்கு ஆறு வயசுல அம்மை போட்டுச்சே, அதோடது இன்னமும் ஒன் ரத்தத்துல இருக்குடி, அதுக்காக ஒனக்கு இப்ப அம்மையா?” என்று சிரித்தாய். என்னால் சிரிக்க முடியவில்லை, சிக்னல் இல்லை என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஒன்பதாவதோடு நின்றதுகூட எனக்கு இவ்வளவு அவமானமாய் இருந்ததில்லை. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதைச் சொல்லவும் கூச்சப்பட்டு உன் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன்.

அக்கா, எழுதியதை அம்மா வந்ததும் வாசிக்கச் சொன்னார், எப்போதும் கேட்பதுதானே. நான் எதையும் விடாமல் வாசித்தேன். அம்மா திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு எழுந்து கொண்டை போட்டுக்கொண்டு, “பதினோரு மணி திருவாரூர் பஸ்ஸு போயிடும், செருப்ப மாட்டு. அந்த அம்மா வீட்டுல நான் வாயத் தொறக்க மாட்டேன், நீதான் சொல்லணும், அம்மைக் கதையையும் சேத்துச் சொல்லு” என்றார். கிளம்புகிறோம், கடைசி வரிகளை அம்மா வாசலில் நின்றே சொல்கிறார்.

மகளே, உன் உடம்பும் மனமும் தெளிந்து, நினைத்தபடி வாழ்வு அமைய வேண்டும். அடுத்த தடவை டாக்டரிடம் போக மறக்காதே, புல்லில் நடந்தால் காலைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அம்மா கண்ணாத்தாள் (கைநாட்டு)
எழுதியவள், உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் செம்மொழி