ஏழாவது மெஷின்

ஆவணி 5, வெள்ளி

தூறல். கொடியில் போட்ட துணி காயவில்லை.

பத்து மணிக்கு போலீஸ். முன் அறையில் வாடகைக்கு இருக்கும் செல்வம், பெரிய கம்பெனி லேபிளைத் திருட்டுத்தனமாக வைத்துத் தைத்து விற்றானாம். அவனைக் கூட்டிப் போனார்கள். அறையில் இருந்த ஏழு மெஷினும் வேனில் ஏறின. ஆறு அவனுடையது. ஏழாவது என் ஓவர்லாக், துணி ஓரம் அடிக்கிற மெஷின். அங்கேதான் வெளிச்சம் என்று நானே நகர்த்திப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"ஏனுங்க சார், அது என்னுதுங்க. அவனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க."

"எல்லாம் மகஜர்ல எழுதியாச்சும்மா. கோர்ட்டுல மனுப் போட்டு வாங்கிக்கங்க."

எதிர்வீட்டு சரஸ்வதி மாடியில் நின்று வேடிக்கை. கீழே இறங்கி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனதில் எழுதி வைத்தாயிற்று.

ஆவணி 6, சனி

மெஷின் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும். கூட்டினேன், தேய்க்கவில்லை.

ஓரம் அடிக்கத் துணி பீஸ் அனுப்பும் கம்பெனி மேனேஜருக்குப் போன். "ரெண்டு வாரம் பாக்கறனுங்க. அப்பறம் வேற ஊட்டுக்குக் குடுத்தருவனுங்க" என்றார். வேறு வீட்டுக்குப் போன வேலை திரும்பி வராது. அறுபத்தெட்டு வயதில் மகன் வீட்டில் போய் உட்கார மாட்டேன். ஒருநாள் மருமகள் தட்டை வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆவணி 8, திங்கள்

கோர்ட். இலவச வக்கீல் ஒரு சின்னப் பெண், நந்தினி. பொறுமையாகச் சொன்னாள். நல்லா இருக்கோணும். மறக்காமல் இருக்க:

– போலீஸ் எடுத்த பொருள் போலீசுக்குச் சொந்தமாகாது.
– எடுத்ததைக் கோர்ட்டுக்குச் சொல்லியாக வேண்டும்.
– கேஸ் முடிய வருஷக்கணக்கு ஆகும். அதுவரை ஸ்டேஷனில் துருப்பிடிக்க வேண்டியதில்லை. உடையவர் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

பில் இருக்கிறதா என்றாள். இல்லை. விற்ற கடையே இப்போது இல்லை. மெஷின் தலையில் அடித்திருக்கும் நம்பரைச் சொன்னேன், எதையும் பார்க்காமல். பேனாவை நிறுத்திவிட்டாள். தினமும் துடைக்கிற நம்பர், மறக்குமா?

ஆவணி 11, வியாழன்

நல்ல வெயில். நந்தினி போட்ட மனு திரும்பிவிட்டது. போலீஸ் எடுத்த பொருளையெல்லாம் எழுதிய மகஜரில் ஏழாவது மெஷினுக்கு வேறு நம்பராம்.

ஸ்டேஷனுக்குப் போனேன். மல்லிகா என்று ஒரு ஏட்டம்மா. உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர். மறக்க மாட்டேன். பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். தார்ப்பாய்க்கு அடியில் என் மெஷின். முந்தானையால் துடைக்கப் போனேன்.

"தொடக் கூடாதுங்கம்மா. கேஸ் சொத்து."

என் மெஷினைத் தொட எனக்கே கூடாது!

மகஜர் எழுதியவர் தலையை விட்டுவிட்டு, மேஜைக்கடியில் இருக்கும் மோட்டாரின் நம்பரை எழுதியிருக்கிறார். மகஜரில் இல்லாத தலை நம்பரைக் கோர்ட் ஏற்காதாம். "உங்க மோட்டார் நம்பரைச் சொல்லுங்க, ஒத்து வந்தாக் கோர்ட்டுக்கு நான் எழுதறேன்" என்றார் ஏட்டம்மா. வாங்கும்போது இருந்த நம்பரைச் சொன்னேன். ஒத்து வரவில்லை.

எப்படி வரும்? பத்து வருஷம் முன் மெக்கானிக் சின்னச்சாமி பழுது பார்க்கக் கழற்றிப்போனது என் மோட்டார். திரும்பக் கொண்டுவந்து மாட்டியது வேறு. சத்தத்திலேயே கண்டுபிடித்துக் கேட்டேன். அதே மோட்டார்தான் என்று பூண்டி முருகன் மேல் சத்தியம் செய்தான். அன்றோடு பேச்சை விட்டேன். அடுத்த தெருதான். அவன் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை.

கதையைக் கேட்ட ஏட்டம்மா, "அவரு வந்து சொல்லுவாருங்களா?" என்றார்.

"பத்து வருசமாச் சொல்லாதவன் இப்பச் சொல்லுவானுங்களா?"

ஆவணி 12, வெள்ளி

நானே போனேன். அவன் கடைக்குள் கால் வைக்கவில்லை, வாசலில் நின்றே விஷயத்தைச் சொன்னேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"நான் சொல்லலீன்னா என்னாகுங்க்கா?"

"மெசினு அந்தத் திருட்டுப்பய பேர்ல போயிரும். வேறொண்ணுமில்ல."

சட்டையை மாற்றிக்கொண்டு கூட வந்தான். ஏட்டம்மா முன்னால்: "அக்கா சொல்றது நெசமுங்க. இவிங்க மோட்டார அவசரத்துக்கு ஒரு கம்பெனிக்கு மாட்டிப்போட்டேன். கேட்டப்ப பொய் சொன்னனுங்க. இதுல இருக்கறது நான் மாட்டுனதுங்க." எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

என் காது பொய் சொல்லவில்லை. பஸ்ஸில் அழுகை வந்தது. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆவணி 18, வியாழன்

கிடைத்துவிட்டது! நீதிபதியும் பெண்தான். ஆர்டரில்: விற்கக் கூடாது. கூப்பிட்டால் கொண்டுவர வேண்டும். எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

ஏட்டம்மா ஆள் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டார். நந்தினிக்குப் பூ. வேண்டாம் என்றாள், நானே தலையில் வைத்துவிட்டேன். சாமி கும்பிடும்போது இவர்கள் பேரெல்லாம் சொன்னேன். சின்னச்சாமி பேரையும். சரஸ்வதி பேர் இல்லை.

ஆவணி 19, வெள்ளி

காலையில் வாசலில் சின்னச்சாமி. கையில் சாக்கு. அதற்குள் புது மோட்டார்.

"மாட்டிக் குடுத்தர்றனுங்க்கா."

கோர்ட் ஆர்டரை எடுத்து நீட்டினேன். படித்தான். முகம் விழுந்துவிட்டது.

"கேசு முடிய எத்தன நாளாகுங்க?"

"வருசக்கணக்காகுமாம். அதுவரைக்கும் உன்ற மோட்டார் சத்தத்தத்தான் நான் கேட்டாகோணும். கோர்ட்டு உத்தரவு."

சிரித்துவிட்டான். எனக்கும் வந்துவிட்டது. காபி வைத்துக் கொடுத்தேன்.

சாக்கைக் கட்டி மேஜைக்கடியில் தள்ளினான். "கேசு முடியறன்னைக்கு நானே வந்து மாட்டறனுங்க."

"அதுக்கு நீ உசுரோட இருக்கோணுமப்பா. மொதல்ல அந்தப் பீடிய உடு."

கம்பெனி வண்டி வந்துவிட்டது. இரண்டு துணிக்கட்டு இறக்குகிறார்கள்.