இரண்டு என்று சொன்ன மாமிக்கு

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய மாமிக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த நினைவு மலரில் "பொய்யறியாத தாய்" என்று போட்டிருந்தார்கள். அச்சுக்குப் போகுமுன் எழுத்துப் பிழை பார்த்தது நான்தான். புள்ளி ஒன்று விடாமல் திருத்தினேன். அந்த வரியை மட்டும் தொடவில்லை. தொட்டிருக்க வேண்டும். பதினொரு மாதம் பொய் சொன்னீர்கள் மாமி. மாதம் தவறாமல் தலை வாரி இழுத்து, நல்ல சேலை கட்டி, பஸ் பிடித்துப் போய்ச் சொன்னீர்கள்.

வருகிற கிழமை உங்கள் ஆண்டுத் திவசம். உங்கள் மகன், என் மனுசன், சமையலுக்கு ஆள் சொல்லித் திரிகிறார். நான் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். செத்த ஆளோடும் சண்டையோ என்று கேட்டார். உயிரோடு இருக்கும்போது பிடித்தது போதவில்லை என்றேன்.

எங்கள் பக்கத்தில் வருத்தக்காரருக்கும் குறைவில்லை, ஆய்வுக்காரருக்கும் குறைவில்லை. வயலில் வேலை செய்கிறவர்களுக்குச் சிறுநீரகம் ஏன் பழுதாகிறது என்று ஒரு குழு வந்தது. கண்ணுக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, ஆறாத புண்ணுக்கு ஒன்று. இரத்தம் எடுத்தார்கள், கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் நிரப்பிக்கொண்டு போனார்கள். என்ன கண்டோம் என்று திரும்பி வந்து சொன்னவர்கள் எத்தனை பேர்? நீங்களோ கலியாண வீட்டுக்குப் போவது போல எல்லாவற்றுக்கும் போனீர்கள். மறித்தால், "கேட்டு வாற பிள்ளையளுக்கு இல்லை எண்டு சொல்லுறதே?" என்பீர்கள்.

கடைசியாக வந்தது அந்த டொக்டர் பிள்ளை. சீனி வருத்தத்தால், அதுதான் நீரிழிவால், கால் எரிகிறவர்களுக்கு ஒரு புதுக் குளிசை. பாதிப் பேருக்குப் பழைய மருந்து, பாதிப் பேருக்குப் புதியது. யாருக்கு எது என்று முடியும்வரை அவளுக்கும் தெரியாது. முதல் நாள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "இது என்ட மேற்படிப்புக்கு உரிய ஆய்வு அம்மா, நீங்கள்தான் உதவி செய்ய வேணும்" என்றாள். அந்த ஒரு வசனத்தில் நீங்கள் விழுந்துவிட்டீர்கள். பிறகு அவள் ஆறு பக்கம் வாசித்து விளங்கப்படுத்தியது ஒன்றும் உங்கள் காதில் ஏறவில்லை.

கால் வலி, நோ ஒன்றும் இல்லை என்றால் சைபர், தாங்க முடியாது என்றால் பத்து. ஒவ்வொரு நாளும் கொப்பியில் ஓர் இலக்கம் எழுத வேண்டும். நீங்கள் முப்பது நாளையும் கிளினிக் நாள் காலையில், தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒரே பேனையால் எழுதி முடித்தீர்கள். ரெண்டு, ரெண்டு, ரெண்டு. நடுவில் ஒரு மூன்று.

"அதென்ன மாமி மூண்டு?"

"எல்லாம் ரெண்டு எண்டால் சந்தேகப்படுவினம்."

நான் சிரித்தேன். உங்கள் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறையலாம் போல இருக்கிறது. அதற்கு முந்தின நாள் மத்தியானம்தானே இதே குசினியில் இரண்டு காலையும் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தீர்கள்? அது ரெண்டா மாமி? எட்டுக்குக் குறையாது.

மருந்தால் தலைச்சுற்று வருகிறதா என்று மாதாமாதம் கேட்டார்களாம். இல்லை என்றீர்களாம். வீட்டில் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தீர்கள். கேட்டால், "கண்ணாடி சரியில்லை" என்றீர்கள். நான் ஒரு நாள் கிளினிக் அறைக்குள் வந்து சொல்லலாம் என்று எழும்பினேன். "கூட வந்தவை வெளியில நில்லுங்கோ" என்று வாசலில் மறித்துவிட்டார்கள். உங்களோடு ஒரே வீட்டில் இருந்து, உங்கள் நடையைப் பார்க்கிறவள் நான். என்னிடம் ஒரு கேள்வி கேட்க ஒருவருக்கும் நேரம் வரவில்லை. நானும் பணிந்து போய் வெளி வாங்குப் பலகையில் இருந்தேன். இப்போது என்றால் இருப்பேனா?

பிறகு கிணற்றடியில் விழுந்தீர்கள். இடுப்பெலும்பு முறிந்தது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். ஆனையிறவில் அம்புலன்ஸ் குலுங்க, உப்பு வெளி வெயிலில் கண் கூச, அங்கே வைத்துத்தான் வாயைத் திறந்தீர்கள்.

"தேவகி, வழுக்கி விழுந்தது எண்டு சொல்லு. பாசி எண்டு சொல்லு."

"ஏன், என்ன நடந்தது?"

"தலை சுத்தினது. அந்தப் பிள்ளைக்குச் சொல்லிப்போடாதை. மருந்து சரியில்லை எண்டால் அவள் பெயிலாப் போயிடுவாள். அதுக்குத்தானே நான் ரெண்டு ரெண்டா எழுதினனான்."

நீங்கள் என் கையை விடவில்லை.

"எங்கட வதனிக்குத்தான் சோதனை எழுதக் கிடைக்கேல்லை. இவளாவது பாஸாகட்டும்."

வதனி உங்கள் கடைசி மகள். உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். போரின் கடைசி இடம்பெயர்வில் புத்தகப் பையோடு போனவள் திரும்பவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் நான் எப்படி மாட்டேன் என்பது? ஓம் என்றேன். இருபது நாள்கூட நீங்கள் உயிரோடு நிற்கவில்லை. ஆய்வுக்காரர் தொலைபேசியில் விசாரித்தபோது, "பாசி வழுக்கி விழுந்தவா" என்று நானே சொன்னேன். பொய்யில் எனக்கும் பங்கு வைத்துவிட்டுப் போனீர்கள். அதற்குத்தான் முதல் கோபம்.

போன கிழமை அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்தாள். பாஸாகிவிட்டாளாம். பங்குபற்றியவர்களுக்கு முடிவைச் சொல்லிப் போக வந்தாளாம். இவள் ஒருத்தியாவது திரும்பி வந்தாள் என்று கதிரை இழுத்துப் போட்டேன். உங்களுக்குக் கிடைத்தது புதுக் குளிசை என்றாள். அது நல்ல பலன் தந்திருக்கிறதாம், அடுத்ததாக இன்னும் கனபேருக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்களாம். பக்கத்து வீட்டு மணியக்கா தன் பெயரும் அந்த அடுத்த சுற்றில் இருக்கிறது என்று முந்தின நாள் பூரித்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. மணியக்கா தனியாக இருக்கிறவர். விழுந்தால் தூக்க ஆளில்லை. உங்களுக்கு ஓம் சொன்னதையும் மறக்கவில்லை.

சொல்லிவிட்டேன் மாமி. கொப்பி, மூன்று, தண்ணீர்ச் சட்டி, சுவர், பாசி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தாள். "அம்மா ஏன் அப்பிடிச் செய்தவா?"

"நீங்கள் பெயிலாப் போயிடுவியள் எண்டு."

அவள் சொன்னாள்: "மருந்து வேலை செய்யேல்லை எண்டு முடிவு வந்திருந்தாலும் நான் பாஸ்தான் அக்கா. சரியாச் செய்தனானோ எண்டுதான் பார்ப்பினம்."

கேட்டீர்களா மாமி? நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்துக் கொடுத்த இரண்டுகள் ஒன்றும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

"அதை அவாவுக்கு ஆரும் சொன்னதோ?" என்று கத்தினேன். "ஆறு பக்கம் வாசிச்சியள். இந்த ஒரு வரி அதுக்குள்ள இருந்ததோ?"

"இல்லை அக்கா."

அழுதாள். அழட்டும் என்று விட்டேன். பிறகு தண்ணீர் கொடுத்தேன். நானும் உங்கள் வீட்டு மருமகள்தானே.

"விழுந்ததுக்கு மருந்துதான் காரணம் எண்டு இப்ப சொல்லேலாது. இல்லை எண்டும் சொல்லேலாது. ஆனால் இதை எழுதிக் குடுக்க வேணும், அக்கா. மற்ற ஆக்களையும் திரும்பக் கேக்க வேணும்" என்றாள்.

"உங்கட படிப்பு?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவு கோபத்திலும் உங்கள் கேள்விதான் என் வாயில் வந்தது.

"அது என்ட பாடு" என்றாள். வீட்டில் இருந்த உங்கள் கடைசிக் கொப்பியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். எழுதிக் கொடுப்பாளா? மேலே இருக்கிறவர்கள் வாசிப்பார்களா? தெரியாது. இன்னும் பதில் இல்லை. வராவிட்டால் நானே போய் அவர்கள் வாசலில் நிற்பேன்.

மணியக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். "ஐயோ, நானும் அந்தப் பிள்ளைக்காகக் குறைச்சுச் சொல்லத்தான் இருந்தனான்" என்றார். நான் தலையில் கை வைத்தேன். ஊரே உங்கள் வழியில்தான் நிற்கிறது.

ஆகவே இதோ என் வாக்கு. மணியக்கா சேர்ந்தாலும் சேராவிட்டாலும், கிளினிக்குக்கு இனி நானும் கூடப் போவேன். வெளியில் நில் என்றால் நிற்க மாட்டேன். வாங்கில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் சொல்வேன்: எட்டு என்றால் எட்டு என்று சொல்லுங்கோ, அந்தப் பிள்ளையள் பெயிலாகாது. உங்கள் திவசத்தில் சோறு தின்ன வருகிறவர்களுக்கும் சொல்வேன். உங்கள் மகன் முறைத்தாலும் சொல்வேன்.

நீங்கள் இல்லாத இந்த வீட்டில் நோ எத்தனை என்று என்னைக் கேட்டால், குறைக்காமல் சொல்கிறேன் மாமி. ஒன்பது. பத்தை உங்கள் மகனுக்கு விட்டிருக்கிறேன்.

உங்களோடு சண்டை தீராத,
உங்கள் மூத்த மருமகள்
தேவகி